ஒயின் பாதையும் நம்ம ஊர் மாம்பழப் பாதையும்

நம்ம மாவட்டத்தில் 'ஒயின்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். கம்பிவலை போட்ட ஒரு கடை, அதற்கு முன்னால் ஒரு கூட்டம், பக்கத்துக் காலி மனையில் உடைந்த பாட்டில்கள். அந்தக் கடையில் ஒயினைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிராந்தியும் ரம்மும் பீரும்தான் போகும். இருந்தாலும் பெயர் என்னவோ 'ஒயின் ஷாப்'. அதனால் 'ஒயின் பாதை' என்று ஒரு சுற்றுலா இருக்கிறது, அதில் தாத்தா பாட்டிகள்கூடப் போகிறார்கள் என்று சொன்னால் நம் ஆட்கள் நம்ப மாட்டார்கள்.

பெங்களூரில் இருக்கும் என் மகன் போன மாதம் போனில் கேட்டான். "அப்பா, நந்தி மலைப் பக்கம் திராட்சைத் தோட்டம் சுத்திக் காட்டறாங்க. நீங்களும் அம்மாவும் வாங்க. ஒரு நாள்தான், நிதானமா போய்ட்டு வரலாம்." நான் குடிப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். "குடிக்க வேண்டாம்ப்பா, பார்க்கலாம்" என்றான். போகவில்லை. தர்மபுரியிலிருந்து பெங்களூரே 130 கிலோமீட்டர், அதைத் தாண்டி இன்னும் 60. போய்த் திரும்பினால் முழங்கால் இரண்டு நாள் பேசாது. ஆனால் அவன் சொன்னது மனதில் உட்கார்ந்துகொண்டது. முப்பத்தைந்து வருஷம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எடை போட்டும் ஏலம் எழுதியும் காலம் தள்ளியவன் நான். விளைந்த பொருள் என்ன விலைக்குப் போகிறது என்பதைத் தவிர வேறெதையும் என்னால் யோசிக்க முடிவதில்லை.

இந்தப் பாதை எப்படி வந்தது?

ஜெர்மனியில் 1935-இல் 'ஒயின் சாலை' என்று ஒன்றைத் திறந்தார்கள். சுமார் 85 கிலோமீட்டர். வழியெல்லாம் திராட்சைத் தோட்டமும் சிறு கிராமங்களும். அது அழகுக்காகத் திறக்கப்பட்டதில்லை. 1934, 1935 இரண்டு வருஷமும் விளைச்சல் கொட்டோ கொட்டென்று கொட்டி, விலை விழுந்துவிட்டது. அப்போது ஹிட்லர் ஆட்சி. அந்தப் பகுதியில் ஒயின் வாங்கி விற்றவர்களில் பலர் யூதர்கள். அவர்களை வியாபாரத்திலிருந்து விரட்டிவிட்டதால் சரக்கை எடுக்க ஆளில்லை. சரக்கு ஊரைவிட்டுப் போகவில்லை என்றால் ஊருக்கு ஆளை வரவழைப்போம் என்று போட்ட பாதை அது. அந்த ஆட்சியின் பாவம் தனிக் கணக்கு. ஆனால் 'வாங்குபவனைத் தோட்டத்துக்கே வரவழை' என்ற யோசனை மட்டும் நிலைத்துவிட்டது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் 1953-இல் 170 கிலோமீட்டர் பாதை வந்தது. பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

நம் நாட்டில் நாசிக் பக்கம் இதைச் செய்தார்கள். மகாராஷ்டிர அரசு 2001-இல் திராட்சைப் பதனத் தொழிலுக்கென்று தனிக் கொள்கை போட்டு வரிச் சலுகை கொடுத்தது. கர்நாடகம் 2007-இல் பின்தொடர்ந்தது. இன்று நாசிக்கில் ஆலையைச் சுற்றிக் காட்டக் கட்டணம், சாப்பாட்டுக்குத் தனிக் கட்டணம், தங்க அறை எல்லாம் உண்டு.

அங்கே போய் வந்தவர்கள் சொல்வதைக் கேட்டால் ஒன்று புரியும். முழு நாளில் உள்ளே போகும் ஒயின் மொத்தம் நாலைந்து வாய்தான். சின்னக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றுவார்கள். முகர்ந்து பார்த்து, வாயில் வைத்து, வேண்டாமென்றால் பக்கத்திலிருக்கும் வாளியில் துப்பிவிடலாம். லேசான ருசியில் ஆரம்பித்துக் கனமான ருசிக்குப் போவார்கள். நடுவில் தண்ணீர், ரொட்டி. மிச்ச நேரமெல்லாம் நடப்பது, பார்ப்பது, கேட்பது, மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவது. திரும்பும்போது ஆளுக்கு இரண்டு பாட்டில் வாங்கிக்கொள்கிறார்கள். தோட்டத்துக்காரருக்குக் கடை விலை கையில் வருகிறது, நடுவில் யாருமில்லை.

என்னைக் கேட்டால், அந்தப் பயணத்தில் ஒயினை எடுத்துவிட்டு வேறு நல்ல விளைபொருளை வைத்தாலும் பயணம் கெடாது. நமக்கு வேண்டியது அந்தப் 'பாதை'தான்.

மதுவிலக்கு பிறந்த மண்

'ஒயின் இருந்தால்தானே ஆள் வருவான், கள்ளையாவது திறந்துவிடுங்கள்' என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்குப் பதில் சொல்ல நம்ம ஊர் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-இல். அதற்கு முன்பு நாம் சேலம் ஜில்லா. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி சென்னை மாகாணத்திலேயே முதல் முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது இந்தச் சேலம் ஜில்லாவில்தான். அவர் வக்கீல் தொழில் பார்த்த ஊர், நகராட்சித் தலைவராக இருந்த ஊர். அதில் விட்ட வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். இன்று நாம் கட்டும் ஜிஎஸ்டிக்கு அதுதான் தாத்தா என்று சொல்லலாம்.

எங்கள் பாட்டி சொல்வார்: "ஆச்சாரியார் வந்தப்பறந்தான்டா உங்க தாத்தா கூலிக்காச முழுசா ஊட்டுக்குக் கொண்டாந்தாரு." அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதும். ஆனால் மரம் ஏறிப் பிழைத்த குடும்பங்களுக்கு அதே சட்டம் வேறு விதமாக இருந்திருக்கும். அதையும் மறைக்கக் கூடாது.

பிறகு நடந்தது நமக்கெல்லாம் கண்ணால் பார்த்த கதை. 1971-இல் கடை திறந்தது. 1974-இல் மூடியது. 1981-இல் மறுபடி திறந்தது. 1983-இல் டாஸ்மாக் வந்தது. 1987-இல் கள்ளுக்குத் தடை வந்தது. 2003-இல் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. இன்றைய நிலையில் ஆலையில் காய்ச்சிய சாராய வகைகளை அரசே விற்கும். மரத்திலிருந்து இறங்கும் கள்ளைத் தொட்டால் வழக்கு. கேரளாவில் கள்ளுக்கடை இருக்கிறது, இங்கே இல்லை. கள் இறக்க அனுமதி கேட்டுப் போராடுகிறவர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதை நான் மறுக்க மாட்டேன்.

'தகடூர் மண்ணில் கள் இல்லாமலா?' என்று கேட்கும் தமிழ்ப் புலவர்களும் உண்டு. அதியமான் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதை ஔவையாரே புறநானூற்றில் பாடியிருக்கிறார். நெல்லிக்கனியை மட்டும் பாடப்புத்தகத்தில் வைத்துவிட்டுக் கள்ளை நாம் மறந்துவிட்டோம் என்பது உண்மைதான்.

இருந்தாலும் என் கருத்து இது: ஒரு நாள் உல்லாசப் பயணத்தில் மது வேண்டாம். காரணம் ஒழுக்கப் பிரசங்கம் இல்லை. தொப்பூர் கணவாயில் இறங்கி வரும் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒகேனக்கல்லில் போதையில் ஆற்றில் இறங்கிப் போன பிள்ளைகளைப் பற்றி நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அதைவிட முக்கியம், மது இருக்கும் இடத்துக்கு நம் வீட்டுப் பெண்கள் வர மாட்டார்கள். பெண்கள் வராத சுற்றுலாவில் வியாபாரமும் நடக்காது. வீட்டுக்குப் புளி எவ்வளவு, மாங்காய் எவ்வளவு என்று கணக்குப் போட்டு வாங்குவது அவர்கள்தான்.

பதநீர் வேண்டுமானால் இருக்கட்டும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதநீருக்குத் தடை கிடையாது. மாசியிலிருந்து ஆனி வரை கிடைக்கும். காலையில் வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்து ரூபாய் மாங்காய்

ஏன் இந்தப் பாதைக்காக இவ்வளவு பேசுகிறேன் என்றால், காரியம் விளையாட்டாக இல்லை.

காரிமங்கலம், பாலக்கோடு பக்கமும், 2004-இல் நம்மிடமிருந்து பிரிந்துபோன கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் மாந்தோப்புகளில் பெரும்பகுதி 'பெங்களூரா'. மூக்கு நீண்ட காய். கூழ் எடுக்க ஏற்றது. வாங்குவது கூழ் ஆலைகள். கூழ் டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கும் குளிர்பானக் கம்பெனிக்கும் போகிறது. ஆலையிடம் போன வருஷத்துக் கூழ் தேங்கிக் கிடந்தால் இந்த வருஷம் காய்க்கு விலை இல்லை. விவசாயியால் காயை வைத்திருக்கவும் முடியாது. பறித்த பத்து நாளில் கதை முடிந்துவிடும். விலையைச் சொல்பவர்கள் சிலர், கேட்டுக்கொள்பவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். 2025 சீசனில் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கேட்கவும் ஆள் கிடைக்காமல் தவித்தார்கள். பறிக்கிற கூலி, வண்டி வாடகை போனால் கையில் ஒன்றும் நிற்காது.

என் பால்ய சிநேகிதர் ஒருவருக்குக் காரிமங்கலம் பக்கம் நாலு ஏக்கர் தோப்பு. அவர் அப்பா வைத்த மரங்கள். போன வருஷம் பாதியை வெட்டி விறகுக்குக் கொடுத்துவிட்டார். "காய் விலைய விட வெறகு வெல பரவால்லப்பா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மீதிப் பாதியையும் இந்த வருஷம் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். நாற்பது வயது மரம் போனால் போனதுதான். நம் காலத்தில் திரும்ப வராது.

தக்காளியும் இப்படித்தான். பாலக்கோடு தக்காளி மண்டியைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு மாதம் தங்கம், மறு மாதம் ரோட்டோரம் கொட்டல். நான் வேலை பார்த்த காலத்தில் ஏலம் முடிந்து மூட்டையின்மேல் உட்கார்ந்து பேசாமல் இருக்கும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பேச்சுக் கொடுக்க எனக்கு ஒருநாளும் வார்த்தை வந்ததில்லை.

சுற்றுலா வந்து இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நாலு ஏக்கரில் விளைவதைக் காரில் வருகிறவர்கள் தின்று தீர்க்க முடியாது. ஆனால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு நேராக, கடை விலைக்கு, தோப்பிலேயே விற்றால் அந்த வருஷம் மரம் பிழைக்கும். மரத்தை வெட்டுவதா வேண்டாமா என்பது சில சமயம் அந்தப் பத்தில் ஒரு பங்கில்தான் இருக்கிறது.

நான் போட்டு வைத்திருக்கும் திட்டம்

நம் வயதுக்காரர்களுக்கு ஏற்ற மாதிரி இரண்டு பாதைகள் சொல்கிறேன். பிள்ளைகள் வந்திருக்கும்போது கூட்டிப் போகலாம். மாறிமாறி ஓட்ட ஆள் இல்லையென்றால் நம்ம ஊர் வாடகைக் கார் போதும்.

முதல் பாதை, வைகாசி-ஆனி மாதத்துக்கு. தர்மபுரி, காரிமங்கலம், பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, திரும்பத் தர்மபுரி. மொத்தம் எண்பது கிலோமீட்டரைத் தாண்டாது. காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். ஏழு மணிக்குள் தோப்பில் இருக்க வேண்டும். மாங்காய் பறிப்பு வெயிலுக்கு முன்பே நடக்கும். தெரிந்தவர் தோப்பாக இருந்தால் முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள். திடீரென்று போய் நின்றால் பறிக்கிறவர்களுக்கு இடைஞ்சல்.

தோப்பில் ஒயின்காரர்கள் முறையைப் பின்பற்றலாம். பழங்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு துண்டு. முதலில் பெங்களூரா, கொஞ்சம் புளிப்போடு. அடுத்துச் செந்தூரா. பிறகு பங்கனப்பள்ளி. அல்போன்சா கிடைத்தால் அது. கடைசியில் மல்கோவா. நடுநடுவே ஒரு வாய் தண்ணீர். மல்கோவாவை முதலில் தின்றுவிட்டால் மற்றதெல்லாம் சப்பென்று இருக்கும். சர்க்கரை இருப்பவர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ருசி பார்க்க ஒரு துண்டே போதும், மற்றது ஆசைதான்.

அங்கிருந்து பாலக்கோடு. தக்காளி மண்டியைக் காலையில் பார்க்க வேண்டும். பேரனுக்கு ஏலம் என்றால் என்னவென்று காட்டுங்கள். கரும்பு வெட்டுக் காலமாக இருந்தால் வெல்லம் காய்ச்சும் கொட்டாய் எங்காவது புகைந்துகொண்டிருக்கும். கேட்டால் சூடான பாகில் கொஞ்சம் கையில் கொடுப்பார்கள்.

பத்தரை, பதினொரு மணிக்குப் பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-இல் இறந்த ஊர். ஜெயிலில் பிடித்த தொழுநோயோடு, ரயிலில் ஏறக்கூடாது என்று தடுக்கப்பட்டபோதும், கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட அவர் தேர்ந்தெடுத்த ஊர் இது. நினைவிடத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். நிழல் உண்டு.

மத்தியானச் சாப்பாடு கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் என்றால் நல்லது. நாட்டுக்கோழிக் குழம்பு வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஒகேனக்கல் போக வேண்டுமென்று பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள். அது தனி நாள். இதோடு சேர்த்தால் 'நிதானம்' போய்விடும். இரண்டு மணிக்கு வீடு திரும்பி ஒரு தூக்கம் போடுவது பயணத்தின் ஒரு பகுதி என்றே வையுங்கள்.

இரண்டாவது பாதை, மார்கழி-தை மாதத்துக்கு. வத்தல்மலையும் அதியமான்கோட்டையும். வத்தல்மலையில் காப்பி விளைகிறது என்பது நம்ம மாவட்டத்திலேயே பலருக்குத் தெரியாது. சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, மேட்டில் சாமை. மார்கழியில் போனால் காப்பிப் பழம் சிவந்திருப்பதையும் களத்தில் உலர்த்துவதையும் பார்க்கலாம். கொண்டை ஊசி வளைவுகள் இருபதுக்கு மேல். தலைசுற்றல் உள்ளவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். பனி விலகிய பிறகு, எட்டரை மணிக்கு மேல் ஏறுவது நல்லது. மேலே மருந்துக் கடையை எதிர்பார்க்காதீர்கள். அங்கே விளைந்த காப்பியும் மிளகும் சாமையும் மலை மக்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாமல்.

இறங்கி வந்து மாலையில் அதியமான்கோட்டை. தர்மபுரியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான். காலபைரவர் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பக்கத்தில் சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் இருக்கும் பழைய ஓவியங்களை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. கழுத்து வலித்தாலும் பாருங்கள்.

யார் என்ன செய்யலாம்?

அரசுக்குப் பெரிய செலவு வைக்க நான் விரும்பவில்லை. மகாராஷ்டிரம் 2020-இல் வேளாண் சுற்றுலாவுக்கென்று கொள்கை வெளியிட்டது. தோட்டத்தில் நாலு பேர் வந்து தங்கிப் போவதை ஒரு தொழிலாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது. இங்கேயும் அது போல ஒன்று வேண்டும். அதைவிட முதலில் வேண்டியது கழிப்பறை. சுத்தமான, பூட்டுப் போடாத கழிப்பறை இருபது கிலோமீட்டருக்கு ஒன்று. நம் வயதில் பயணத்தைத் தடுப்பது முழங்காலும் அதுவும்தான். வழிகாட்டிப் பலகை நாலு இடத்தில். அவ்வளவு போதும்.

விவசாயிக்குச் சொல்ல ஒன்று உண்டு. வருகிறவர்களிடம் ஒரே விலை சொல்லுங்கள், பலகையில் எழுதி வையுங்கள். காரைப் பார்த்து விலை ஏற்றினால் அவர் அடுத்த வருஷம் வர மாட்டார். கல் வைத்துப் பழுக்க வைத்ததைக் கொடுக்காதீர்கள்; வைக்கோலில் பழுத்ததற்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டாலும் தருவார்கள்.

நமக்குச் சொல்ல வேண்டியது இதுதான். சூப்பர் மார்க்கெட்டில் கிலோ எண்பது ரூபாய்க்கு வாய் திறக்காமல் வாங்குகிறோம். தோப்பில் நாற்பது சொன்னால் முப்பதுக்குக் கேட்கிறோம். அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுக் காரில் ஏறுங்கள். காலிக் கூடை இரண்டு, பழைய துண்டு ஒன்று, சில்லறை நோட்டு, மாத்திரை டப்பா, வீட்டிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தோப்பில் போட்டுவிட்டு வராதீர்கள்.

வருகிற வைகாசியில் என் சிநேகிதரின் மீதி இரண்டு ஏக்கரில் காய் பறிக்கும் நாளை அவர் சொன்னதும் நாங்கள் ஆறு குடும்பம் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். ஆளுக்கு இருபது கிலோ என்று கணக்கு. அவர் முடிவெடுப்பதற்குள் போய்விட வேண்டும்.